உப்புவெளிக்கு இரண்டு பெயர்

அண்ணி, என் ரமணம்மா அண்ணி,

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், நான் செய்த முதல் வேலை ஹாசம் பாய்க்குப் போன் செய்து நீ இறந்துவிட்டதைச் சொன்னதுதான்.

ஒரு வருடமும் சில நாட்களும் கழித்துச் சொல்லியிருக்கிறேன். போன வருடம் ஐப்பசி மழையில் நீ போனபோது ஊருக்கெல்லாம் சொன்னோம். சுண்ணாம்புக்குளத்தில் இருக்கிற உன் தம்பிக்குச் சொல்லி, அவன் மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்குச் சொந்தங்களுக்கெல்லாம் சொல்லி, எல்லோரும் வந்து அழுதார்கள். நாட்டின் இன்னொரு கோடியில், கட்ச் உப்புவெளியின் ஓரத்தில், உன்னையும் என்னையும் கூட்டிப்போகக் காத்திருந்த வழிகாட்டிக்கு மட்டும் நான் சொல்லவில்லை.

இடையில் மூன்று முறை அவரே கூப்பிட்டார். "சேற்றைப் பற்றிக் கேட்டாங்களே, அந்த அம்மா எப்படி இருக்காங்க?" என்று ஒவ்வொரு முறையும் விசாரித்தார். ஊருக்குப் போயிருக்கிறாய் என்றேன். என் அரைகுறை இந்தியில் சொன்னபோது அது எனக்கே பொய்யாகத் தெரியவில்லை.

இன்று சொன்னதும் அவர் வாய்க்குள்ளேயே ஏதோ ஓதினார்.  "எப்போது?" என்று கேட்டார். போன வருடம் என்றேன். "சொல்லியிருக்கலாமே டீச்சர்ஜி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பிறகு பயண விஷயத்துக்கு வந்தார். இந்த வருடம் அங்கே தண்ணீர் சீக்கிரம் வற்றிவிட்டதாம். பொங்கல் கழிந்ததும் உப்பு ஆள் பாரத்தைத் தாங்குமாம். நாட்டின் எல்லைக்குப் பக்கம் என்பதால் போகிறவர்களின் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். "நாளைக் காலையில் கொடுக்கிறேன். இரண்டு பெயரா, ஒரு பெயரா? சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள்" என்றார்.

இரண்டாவது பெயராகத் தன்னை எழுதச் சொல்லி அண்ணன் கேட்கிறார். உன் புருஷன்தான், என் அண்ணன்தான். முந்தாநாள் ஆதார் நகலோடு வந்து கேட்டார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியுமா தெரியாதா என்று யோசித்து யோசித்துத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் பயணம் எப்படித் தொடங்கியது என்று நினைவிருக்கிறதா? மூன்று வருடம் ஆகப்போகிறது. ஒரு பங்குனி மாலை. நீ ஏரியிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டிருந்தாய். நான் வகுப்புக்காகப் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தாய்.

"இன்னாம்மா இது, பனியா?"

"உப்பு அண்ணி. குஜராத்துல இருக்கு. கண்ணுக்கெட்டுற தூரம் உப்புதான்."

"அத்தினியுமா? எம்மாடி! இத்தினி உப்புக்கு எத்தினி மீனு வேணும்!"

நான் சிரித்தேன். நீயும் சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கிய பிறகு மெதுவாகக் கேட்டாய்: "இதும் மேல நடந்தா கால் நனையாது இல்ல?"

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், நீ சிரிக்காதே. உன் வேலை கையால் தடவி இறால் பிடிப்பது. ஏரியின் இடுப்பளவு உப்புத் தண்ணீரில் மண்டி போட்டு, பனையோலைப் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவியபடியே நகர்வாய். முட்டி பதிந்த குழியில் இறால் வந்து ஒதுங்கும். திரும்பி வந்து அதே குழியில் கை விட்டால் அகப்படும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம். கல்யாணமாகி வந்த அந்த வருடத்திலிருந்து இதுதான். கால் விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக வெந்துபோயிருக்கும். வீட்டுக்கு வந்து காய்ந்ததும் வெடிக்கும்.

உப்பு உன் காலைத் தின்றது. அந்த உப்பின் மேலேயே ஒரு முறை கால் நனையாமல் நடக்க வேண்டும் என்று நீ கேட்டாய். இருபத்தெட்டு வருடத்தில் நீ என்னிடம் வேறு எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நான் கல்யாணம் வேண்டாம் என்றபோது ஊரே ஏன் ஏன் என்று குடைந்தது. நீ ஒருத்திதான் கேட்கவில்லை. "அவளுக்குப் புடிக்கல, உடுங்க" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாய்.

வீடியோவின் அடியில் ஒரு போன் நம்பர் இருப்பதை நீதான் பார்த்தாய். அதுதான் ஹாசம் பாய். மாடு மேய்க்கிற குடும்பம். கூடாரம் போட்டுத் திருவிழா நடக்கிற பக்கம் போகாமல், ஆளில்லாத பக்கமாக நான்கைந்து பேரை மட்டும் நடத்திக் கூட்டிப்போகிறவர். முதல் நாள் பேசும்போது ஒட்டகம், சூரிய அஸ்தமனம், போட்டோ என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் உனக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். நீ என் தொடையில் தட்டினாய்.

"அதெல்லாம் கெடக்கட்டும். உப்புக்குக் கீழ சேறு எவ்ளோ ஆழம்னு கேளு."

கேட்டேன்.  இத்தனை வருடத்தில் எந்த விருந்தாளியும் இதைக் கேட்டதில்லை என்றார். சில இடத்தில் கணுக்கால் அளவு, சில இடத்தில் இடுப்பு அளவு, மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை என்றார். அப்புறம் எப்படித் தெரியும் என்று கேட்கச் சொன்னாய். காலுக்குத் தெரியும் என்றார்.

"அப்பிடிச் சொல்லு!" என்று நீ கத்தியது அவருக்கு மொழிபெயர்க்காமலே புரிந்தது. அங்கே அவர் கால் வைத்த இடத்தில்தான் பின்னால் வருகிறவர்கள் கால் வைக்க வேண்டுமாம். "நம்மகிட்ட இறாலுக்கு அந்தப் புத்தி கீதும்மா. நம்ம வச்ச எடத்துலதான் வந்து ஒக்காரும்" என்று நீ சொன்னதை நான் இந்தியில் சொல்ல முயன்று, இறாலுக்கு வார்த்தை தெரியாமல் மீன் என்று சொல்லி, மீன் எப்படி உட்காரும் என்று அவர் குழம்பி, ஒரு வழியாக முடித்தோம். அடுத்த முறையிலிருந்து உங்கள் இருவருக்கும் நான் தேவைப்படவே இல்லை. நீ தமிழில் கேட்பாய், தமிழ் போதாதபோது தெலுங்கில் கேட்பாய், அவர் இந்தியில் பதில் சொல்வார். எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தேதி குறித்ததில்தான் நான் அசடு வழிந்தேன்.

நம் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, வெளியூர்ப் பயணம் எதுவானாலும் தடைக்காலத்தில்தான். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த இரண்டு மாதம்தான் காசிமேட்டுப் படகிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்து தங்குவார். ஆட்டையும் கோழியையும் வீட்டையும் அவர் பார்த்துக்கொள்வார், நீ கிளம்பலாம். எனக்கும் பள்ளிக்கூட விடுமுறை. மே மாதம் என்று பேசாமலே முடிவாகிவிட்டது. வேறு மாதத்தில் யாராவது பயணம் போவார்களா என்ன? ரயில் டிக்கெட் எடுத்தேன். பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். அதன் பிறகுதான் ஹாசம் பாய்க்குத் தேதியைச் சொன்னேன்.

"மே?" என்றார்.

"மே."

"டீச்சர்ஜி, மே மாதத்தில் நாங்களே அங்கே நிற்க மாட்டோம். மாட்டை ஓட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவோம். அங்கே நின்றால் மூளை வெந்துவிடும்."

வருடா வருடம் கரும்பலகையில் அந்தப் பாலைவனத்தை வரைந்து வெயில் எவ்வளவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற புவியியல் ஆசிரியை நான். அது என் மண்டையில் ஒரு பக்கமும், தடைக்காலம் இன்னொரு பக்கமும் இருந்திருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை.

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஏம்மா டீச்சரு, உங்க பொஸ்தகத்துல வெயிலு போடலியா?" வீட்டில் நானும் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் அது அவ்வளவு எளிதாக இல்லை. "ஜாக்ரஃபி டீச்சருக்கு யாராவது சம்மர்னா இன்னான்னு சொல்லிக்குடுங்கப்பா" என்று வரலாற்று ஆசிரியர் ஆரம்பித்து வைத்தார். அந்த வருடம் முழுக்க வெயில் அடித்தால் ஒருவர், மழை பெய்தால் ஒருவர் என்று என்னிடம் வந்து சந்தேகம் கேட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. இதை உன்னிடம் சொன்னதில்லை.

பாய் தை மாதம் வரச் சொன்னார். மழை முடிந்து ஏரியில் இறால் நிறைந்து கிடக்கிற மாதம். தையில் ஏரியை விட்டுப் போகிற ஆள் நம் ஊர் தோணிரேவில் கிடையாது. உன்னோடு தடவ வருகிற பெண்கள் உன்னைப் பைத்தியம் என்றார்கள். "இறாலு வருசா வருசம் வரும்டி" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு ஏற்பாடு செய்தாய். என் சாக்ஸை எடுத்துப் போட்டுப் பார்த்தாய். "இன்னாம்மா இது, காலுக்கு ஜாக்கெட்டா?" வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டே நடந்து பழகினாய். வழுக்கும் என்று நான் பயந்தேன்.

கிளம்ப ஆறு நாள் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் நீ மீன் கழுவிக்கொண்டிருந்தாய். நான் வந்து பக்கத்தில் நின்றேன்.

"அண்ணி, லீவு குடுக்க மாட்டேன்றாங்க."

உன் கத்தி ஒரு நொடி நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பிறகு அடுத்த மீனை எடுத்தாய். "சரிம்மா. உப்பு எங்க போவப்போது? வர்ற வருசம் போலாம்."

அண்ணி, நான் லீவே கேட்கவில்லை.

தலைமையாசிரியை அறை வாசல்வரை இரண்டு முறை போனேன். உள்ளே வேறு ஆசிரியர்கள் இருந்தார்கள். மறுபடியும் அதே ஊருக்கா, இந்த முறை மாதத்தைச் சரியாகப் பார்த்தீர்களா என்று கேட்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான். ஒரு சிரிப்புக்குப் பயந்து திரும்பி வந்தேன். வந்து உன்னிடம் பொய் சொன்னேன். அடுத்த வருடம் இருக்கிறதே என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

அடுத்த வருடம் தை வரும்போது நீ இல்லை. ஐப்பசியில் காய்ச்சல் வந்தது. தண்ணீரில் நின்றதால் வந்த சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம். கண் மஞ்சளான பிறகுதான் எலிக்காய்ச்சல் என்றார்கள். ஆறு நாள். கடைசிக்கு முந்தின நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆட்டுக்குத் தழை போட்டாச்சா என்று கேட்டாய். அந்த நேரத்திலாவது நான் சொல்லியிருக்கலாம். தழை போட்டாச்சு என்று மட்டும் சொன்னேன்.

இந்த வருடம் லீவு கேட்டேன். தலைமையாசிரியை விடைத்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கையெழுத்துப் போட்டார். "போய்ட்டு வாங்க. நல்லா போட்டோ எடுத்துனு வாங்க, பிள்ளைங்களுக்குக் காட்டலாம்" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. வெளியே வந்து குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

இனி அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போன பிறகு அவர் பெரிய படகுக்குப் போகவில்லை. இங்கேயே பக்கத்து வீட்டுக்காரர் படகில் ஏரிக்குப் போய் வருகிறார். சமையல் அவரே. போன வாரம் வைத்த குழம்பில் புளியை அள்ளிப் போட்டுவிட்டு, "உன் அண்ணி இப்பிடித்தானே வெப்பா?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். உன் ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. இரண்டுக்கும் பெயர் வைக்காமல், "இன்னா, இங்க வா" என்றுதான் கூப்பிடுகிறார். இரண்டும் வருகின்றன.

நான் அவர் மேல் ஒரு கோபத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன். மே மாதத்துக்கு டிக்கெட் எடுத்தபோது அவர் சொன்னாரே, "உப்பப் பாக்க ரெண்டு நாளு ரயிலா? வடக்கால போனா நம்ம ஏரியே காஞ்சி வெள்ளையா கெடக்கு, போய்ப் பாத்துக்கோ" என்று. அந்த ஒரு பேச்சை ஒரு வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு வருடம் உன்னை எங்கும் கூட்டிப்போகாத மனிதர், கேலி செய்த மனிதர் என்று. குற்றவாளி ஒருவர் கையருகே இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

முந்தாநாள் சாயங்காலம் வந்தார். ஒரு கையில் ஆதார் நகல், இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பாய்க்குப் பேசினியா கலா?"

"இன்னும் இல்லண்ணா."

"அவளுக்கு எட்து வச்ச எடம் காலியாத்தான கீது? நான் வரட்டா?"

 அவர் பையை நீட்டினார். உள்ளே இரண்டு ஸ்வெட்டர். ஒன்று அரக்கு நிறம், ஒன்று நீலம். கடையில் தைத்த சீட்டைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"எப்ப வாங்கினது இது?"

"ரெண்டு வருசம் ஆவப்போவுது. அந்தத் தையில. ராவுல அங்க குளிரும்னு படகுல ஒருத்தன் சொன்னான். மூர் மார்க்கெட்டாண்ட வாங்கினேன், அவளுக்கு ஒண்ணு, உனுக்கு ஒண்ணு."

அந்தத் தையில் எஞ்சின் கோளாறு என்று சொல்லித்தானே அவர் வீட்டுக்கு வந்தார். அதைக் கேட்டேன்.

"எஞ்சினுக்கு இன்னா கேடு? உங்ககிட்ட நான்தான் அப்பிடிச் சொன்னேன். படகுல, பொண்டாட்டி வெளியூரு போறா, வூட்டப் பாக்க ஆளு இல்லன்னேன். படகே சிரிச்சிது. பொண்டாட்டிய ஊருக்கு அனுப்பிட்டு நீ ஆட்டுக்குக் காவலாடான்னாங்க. சிரிக்கட்டும் போ. திரும்பிப் போய்ப் பாத்தா என் எடத்துல வேற ஆளு. அது கெடக்குது. மூணு மாசத்துல வேற படகு கெடைச்சிது."

அவர் நிலைப்படியைத் தடவிக்கொண்டே பேசினார். என்னைப் பார்க்கவில்லை.

"வந்து நிக்கறேன், அவ போவலன்றா. ஏன்டின்னேன். எனுக்கே மனசு வரலன்னா. எனுக்குத் தெரியாதா கலா? அதிசயமா தையில புருசன் வூட்டுக்கு வந்துட்டான், உட்டுட்டு எப்பிடிப் போறதுன்னு நின்னுட்டா. நான் வராம இருந்திருந்தா போயிருப்பா. அவ ஆசப்பட்டது ஒண்ணே ஒண்ணு, அதையும் நானே வந்து கெடுத்துட்டேன்."

இரண்டு வருடமாக இதைச் சுமந்துகொண்டிருக்கிறார், அண்ணி. ஸ்வெட்டர் பையை உனக்குக்கூடக் காட்டவில்லையாம். காட்டினால் நீ இன்னும் வருத்தப்படுவாய் என்று பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாராம்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.  என் மௌனத்தை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "நான் வந்தா உனுக்குத் தொந்தரவுன்னா வாணாம். நீ போய்ட்டு வா. சொட்டர மட்டும் எட்துனு போ. அவளோடதும் உனுக்குச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். ஆதார் நகலை மேஜை மேல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். திரும்பக் கேட்கவில்லை.

இரண்டு இரவு, இரண்டு பகல் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நினைக்க நினைக்க ஒரு விஷயம் என்னை உட்காரவிடாமல் செய்கிறது.

"எனுக்கே மனசு வரல" என்று நீ ஏன் அவரிடம் சொன்னாய்? லீவு கிடைக்கவில்லை என்று நீ நம்பியிருந்தால் அதையே அல்லவா சொல்லியிருப்பாய்? கலாவுக்கு லீவு தரவில்லை, அதனால் போகவில்லை. எவ்வளவு சுலபமான பதில். அதை ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவர் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய், என் தங்கச்சிக்கு ஏன் லீவு தரமாட்டீங்க என்று கேட்டிருப்பார், என் பொய் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும் என்றா?

தலைமையாசிரியை சனிக்கிழமைதோறும் உன்னிடம்தான் இறால் வாங்குவார். அந்த வாரமும் வந்திருப்பார். நீ ஒரு வார்த்தை கேட்டிருப்பாயா? இல்லை, மீன் கழுவும்போது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாயே, அப்போதே தெரிந்துவிட்டதா? தெரிந்தும் பத்து மாதம் என் முன்னால் உட்கார்ந்து சிரித்துப் பேசினாயா? வர்ற வருசம் போலாம் என்று அத்தனை முறை சொன்னாயே, அது என்னைத் தேற்றுவதற்கா?

என் மானத்தைக் காப்பாற்ற நீ சொன்ன ஒரு சின்னப் பொய்யை அண்ணன் தன் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டார். அது நீ நினைத்துப் பார்க்காதது. உயிரோடு இருந்திருந்தால் என்றைக்காவது ஒரு நாள் அவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாய். இப்போது உண்மை தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்காவிட்டால் அவர் சாகிறவரைக்கும் தன்னால்தான் நீ போகவில்லை என்று நினைத்துக்கொண்டே இருப்பார்.

காலையில் பாயிடம் பேசி முடித்தபோது, அண்ணன் பெயரையும் என் பெயரையும் சொல்லிவிட்டு ரயிலேறிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. உப்புவெளியில் இருவருமாக நின்று உன்னை நினைத்து அழுதுவிட்டுத் திரும்பலாம். பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு பாசமான அண்ணன் தங்கை. ஆனால் அங்கே நின்று அவர் தன்னை நொந்துகொண்டு அழுவார், நான் பக்கத்தில் நின்று அவருக்குத் தைரியம் சொல்வேன். அதை நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. வேண்டாம் அண்ணி.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை வேறு யாராவது படிக்கும்போது அது நடந்து முடிந்திருக்கும்.

இன்று சாயங்காலம் அண்ணன் ஏரியிலிருந்து வந்ததும் அவர் வீட்டுக்குப் போவேன். பாய்க்குப் பெயர் சொல்வதற்கு முன்னால், அவர் சட்டையை மாற்றுவதற்கு முன்னால்கூட, சொல்லிவிடுவேன். அண்ணா, அண்ணி நின்னது உன்னால இல்ல. என்னால. லீவு குடுக்கலன்னு பொய் சொன்னேன், நான் கேக்கவே இல்ல. அதுக்கு மேல காரணம் எதுவும் சேர்க்க மாட்டேன். பள்ளிக்கூடத்துச் சிரிப்பைப் பற்றியெல்லாம் அவர் கேட்டால் சொல்கிறேன். படகே சிரித்தபோதும் இறங்கி வந்தவரிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும்.

அவர் கத்த மாட்டார். உனக்குத்தான் தெரியுமே, கோபம் வந்தால் அவருக்குப் பேச்சு நின்றுவிடும். மாதக்கணக்கில் என்னோடு பேசாமல் இருக்கலாம். உன்னோடு வரமாட்டேன், நான் மட்டும் போறேன் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் பாய்க்கு அவர் பெயரை மட்டும் கொடுப்பேன். வாங்கிய லீவில் வீட்டிலிருந்து ஆட்டையும் குட்டிகளையும் பார்த்துக்கொள்வேன். இரண்டு பெயரும் கொடு என்றால் இரண்டும் கொடுப்பேன். எதுவானாலும் அவர் சொல்கிறபடிதான். இந்த முறை நான் முடிவு செய்ய மாட்டேன்.

உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இது ஒன்றுதான். அவரிடம் இதைச் சொல்லாமல் அந்த ரயிலில் ஏற மாட்டேன். ஏரியில் படகுச் சத்தம் கேட்கிறது. அவர் வருகிற நேரம்தான். எழுந்து போகிறேன்.

தெரிந்தும் நீ காட்டிக்கொடுக்காத
உன் நாத்தனார்,
கலா